ஒன்றரை நிமிஷம்

விண்வெளிப் படங்களின் சங்கீதத்தை மட்டும் வைத்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கச்சேரி என்று மகள் சொன்னபோது எனக்கு உற்சாகம் ஏற்படவில்லை. திரையில் ராக்கெட் பறந்தால் அல்லவா அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்? அவள் பிடிவாதத்துக்காகப் போனேன்.

விளக்குகள் மங்கின. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. காலடியில் ஏதோ லேசாக அதிர்ந்தது. அந்த மண்டபத்து ஆர்கனுக்கு ஏறக்குறைய 10,000 குழல்கள். அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் காதுக்கு எட்டுமுன் காலுக்கு எட்டிவிடுகிறது. அதன்மேல் டிரம்பெட்டுகள் ஏறின. மூன்றே ஸ்வரங்கள்: ஸ, ப, மேல் ஸ. பிறகு பேரிகை. என் கேலியெல்லாம் எங்கே போயிற்றோ!

ஆனால் ஒன்றரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-ல் எழுதிய அந்த உருப்படி முழுசாக அரைமணி நேரம் போகும். பல்லவியை எடுத்துவிட்டு வித்வான் துண்டை உதறிக்கொண்டு எழுந்தால் மயிலாப்பூரில் சும்மா விடுவோமா? இங்கே கரகோஷம் காதைப் பிளந்தது. ஸ்டான்லி குப்ரிக் '2001' படத்தில் காட்டிய சூரியோதயத்துக்கு அவ்வளவுதானே தேவைப்பட்டது!

நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்ட்ராஸ் இருந்தார், குப்ரிக் இருந்தார். அலெக்ஸ் நார்த் இல்லை. அந்தப் படத்துக்குச் சங்கீதம் அமைத்தவர் அவர். உடம்பு முடியாமல், ஒலிப்பதிவுக்கு ஆம்புலன்ஸில் போனார். 1968-ல் நியூயார்க்கில் படத்தைப் பார்க்க உட்கார்ந்தவருக்கு அதில் தமது ஸ்வரம் ஒன்றுகூட இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. முன்கூட்டி ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் தொடர்கதையில் ஓர் அத்தியாயத்தை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டு ஒரு பத்திரிகை அடுத்ததை அச்சிட்டது. வாசகர் ஒருவர்கூட எதுவும் குறைவதாக எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நார்த் 1991-ல் காலமானார். 1993-ல் அவர் நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித், தாமே நடத்தி அந்தச் சங்கீதத்தை இசைத்தட்டாக்கினார். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளைத் தேடிப் போடச் சொன்னேன். நல்ல சங்கீதம், கௌரவமான சங்கீதம். ஆனால் அந்தச் சூரியன் ஸ்ட்ராஸுக்குத்தான் உதிக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை.

"எப்படி அப்பா?" என்றாள்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன்.