யாரு சோம்பேறி?

கடலூர்ல இருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கி.மீ. தினமும் பஸ்ல வர்ற நம்ம ஆளுங்களைக் கவனிச்சா ரெண்டு வகை தெரியும். ஒரு வகை, ஆலப்பாக்கம் தாண்டுறதுக்குள்ள அன்னைக்கு சப்மிட் பண்ண வேண்டிய ரெக்கார்டையே எழுதி முடிச்சிடும். இன்னொரு வகை, ஜன்னல் கம்பியில தலையை முட்டிக்கிட்டே பு.முட்லூர் வரைக்கும் தூங்கும். நான் ரெண்டாவது வகை. எங்க அப்பா பாஷையில, எருமை.

என் தரப்பு வாதத்தையும் சொல்லிடுறேன். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, அது எல்லாருக்கும் ஒரே டைம் காட்டாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல எம்.கே. சந்திரசேகரன்னு ஒரு விஞ்ஞானி இதை ஆராய்ச்சி பண்ணினார். வெளிச்சமோ சத்தமோ உள்ளே வராத, கடிகாரமே இல்லாத அறையில ஆட்களைத் தங்க வெச்சு, அவங்க தானா எப்போ தூங்குறாங்க, எப்போ முழிக்கிறாங்கன்னு பதிவு பண்ணினார். இந்தக் கடிகாரம் மரபணு அளவுல எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு அமெரிக்கர்களுக்கு 2017-ல மருத்துவ நோபல் கிடைச்சது. இதுல வயசுக்கும் பங்கு உண்டு. டீன் ஏஜ்ல கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமா தாமதமாகிக்கிட்டே போய், சுமார் 20 வயசுலதான் அந்தத் தாமதம் உச்சத்துக்கு வரும். அதனால செகண்ட் இயர் படிக்கிற ஒருத்தன் ராத்திரி 12 மணிக்குத் தெளிவா இருக்கிறதும், காலையில சுவர்ல சாஞ்சு நிக்கிறதும் முழுக்க அவன் திமிர் இல்ல. (ரீல்ஸ் பார்க்குறது தனிக் கணக்கு. அதைக் கடிகாரத்து தலையில கட்ட முடியாது.)

எங்க வீட்டுல சுறுசுறுப்புன்னா அது அம்மாதான். நாலரைக்கு எழுந்திருப்பாங்க. அப்பா சிப்காட்ல ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தா டிவி ஆஃப், கதவு சாத்தணும், குக்கர் விசில் கூட யோசிச்சுதான் அடிக்கணும். அது நியாயம்தான், ராத்திரி முழுக்க முழிச்ச மனுஷன். ஆனா அம்மாவுக்கு ஷிப்ட்டுனு ஒண்ணு கிடையாது, அதனால "இப்ப முடிஞ்சது"ன்னு சொல்ற நேரமும் கிடையாது. சம்பளம் வர்ற அசதிக்கு மட்டும்தான் வீட்டுல மரியாதை.

போன ஆனித் திருமஞ்சனத்துக்கு, சிதம்பரத்துல இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தேரோட கீழ வீதியில இருந்து நடந்து வந்தவங்க, தெற்கு வீதி திரும்பினதும் ஒரு கடை வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. பெரியம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துட்டு, "என்னடி இப்படி வெளிறிப் போயிருக்க?"ன்னாங்க. மறுநாளே லேபுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

டாக்டர்கிட்ட நடந்ததை அப்படியே எழுதுறேன், நானும் கூட இருந்தேன்.

"எத்தனை நாளாம்மா அசதி இருக்கு?"

"அசதியெல்லாம் இல்லைங்க. எல்லா வேலையும் செஞ்சிக்கிட்டுதானே இருக்கேன்."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"அது எல்லாருக்கும் வாங்குமே."

"பச்சரிசி ஏதாவது எடுத்து மெல்லுறீங்களா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க, நான் போட்டுக் கொடுத்த மாதிரி. நான் சொல்லல. டப்பாவைத் திறந்து ஒரு பிடி அரிசியை வாயில போட்டுக்கிறது எங்க வீட்டுல நாங்க தினமும் பார்க்குற காட்சி. அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்னு கண்டதைத் தின்னத் தோணுறது இரும்புச்சத்து குறைவோட அடையாளமா இருக்கலாம்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். ரெண்டு வருஷமா மாதவிடாய்ல அதிகமா ரத்தம் போயிருக்கு. அதையும் அம்மா யார்கிட்டயும் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் பெரியம்மாகிட்ட மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க. "அப்போ மத்தவங்களுக்கெல்லாம் இப்படி இருக்காதாக்கா?"

எனக்கு அந்த 8.4-ஐ விட இந்தக் கேள்விதான் பயத்தைக் கொடுத்துச்சு. ஹீமோகுளோபின் திடீர்னு விழுந்தா மனுஷன் சுருண்டு விழுவான். மாசக்கணக்குல மெல்ல மெல்லக் குறைஞ்சா உடம்பு சமாளிச்சிடும். ஆக்சிஜன் சுமக்கிற சரக்கு வண்டி குறைஞ்சதால இதயம் ட்ரிப்பை அதிகமாக்கும், அவ்வளவுதான். உள்ள இருக்கிறவங்களுக்கு அது நோயா தெரியாது, வாழ்க்கைன்னு தெரியும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கு. அசதிக்கு என்ன யூனிட்? என்னோட களைப்பையும் உங்களோட களைப்பையும் ஒரே ஸ்கேல்ல வெச்சுப் பார்க்க வழியே இல்லை. அதனால அவங்கவங்க களைப்பு அவங்கவங்களுக்கு நார்மல்.

அம்மா ஒருத்தங்க மட்டும்னா இதை எழுதியிருக்க மாட்டேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, 15-லிருந்து 49 வயசு வரையிலான இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்கள்ல 25 சதவீதம். தமிழ்நாட்டுலயும் பெண்கள்ல பாதிக்கு மேலதான். நம்ம ரத்த தான முகாம் வரிசை ஞாபகம் இருக்கா? தானம் கொடுக்க 12.5 வேணும். விரல்ல குத்திப் பார்த்துட்டு, ஒரு ஜூஸ் கூடக் கொடுக்காம திருப்பி அனுப்பினது பெரும்பாலும் பொண்ணுங்களைத்தான். எருமையான எனக்கு 14.6, படுத்துக்கிட்டே கொடுத்துட்டு வந்தேன்.

எல்லா அசதியும் ரத்தசோகை இல்ல. தைராய்டு இருக்கலாம், சுகர் இருக்கலாம், மனசு சரியில்லாம இருக்கலாம், வெறும் தூக்கக் குறைவாவும் இருக்கலாம். ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் டெஸ்ட் இலவசம். லேப்ல எப்பவும் டெஸ்க்ல தலை வெச்சுப் படுத்திருக்கிற பொண்ணுக்கு நாம வெச்சிருக்கிற பட்டப்பேரை விட அது சீக்கிரம் முடியிற வேலை.

ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்ட பிறகு அம்மாவுக்கு 10.9. இன்னும் சில மாசம் தொடரணுமாம். பச்சரிசி மேல இருந்த ஆசை தானா போயிடுச்சு. டீதான் பெரிய தண்டனை. சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சேராது, ஒரு மணி நேரமாவது கழிச்சுக் குடிங்கன்னு சொல்லிட்டாங்க. மதியம் சாப்பிட்டு முடிச்சிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. அந்த நேரத்துல அம்மா உட்கார்ந்து நாங்க பார்த்ததே இல்லை.