நுரைக்கு இரண்டு விரல்

பெரம்பலூர்ப் பக்கம் பீர் ஊற்றுவதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்க வேண்டுமானால், நுரையே வராமல் ஊற்றிக் காட்ட வேண்டும். டம்ளரைப் படுக்கப் போட்ட மாதிரி சாய்த்து, பாட்டில் வாயை விளிம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தளும்பத் தளும்ப நிரப்புவார்கள். எதிரே இருப்பவர், "பார்றா, பொட்டு நுரை இல்ல!" என்று மெச்சுவார். நுரை என்றால் நஷ்டம். கொடுத்த காசுக்குச் சரக்கு வரவேண்டிய இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துவிட்டது என்பது கணக்கு.

இதே மனிதர் காலையில் டீக்கடையில் நிற்கும்போது, மாஸ்டர் கையை உயரத் தூக்கி நாலு தரம் ஆற்றி நுரை கட்டிக் கொடுக்காவிட்டால் முகத்தைச் சுளிப்பார். டீயில் கேட்டு வாங்குகிற நுரை, பீரில் மட்டும் எப்படித் திருட்டானது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

650 மில்லி பாட்டில் ஒன்றில் கரைந்து கிடக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தனியே பிடித்து அளந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தேறும். அதில் ஒரு பங்கை டம்ளரிலேயே வெளியேற்றிவிடுவதுதான் ஊற்றுவதன் வேலை. வெளியேற்றாவிட்டால் அது வயிற்றுக்குள் போய்ப் பொங்கும். பாதி பாட்டிலிலேயே வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, சோறு இறங்கவில்லை என்று புலம்புகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் நுரையில்லாமல் ஊற்றுகிற அந்தக் கெட்டிக்காரர்கள்தான்.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டம்ளரைக் குளிர்ந்த நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உதறிக்கொள்ள வேண்டும். 45 டிகிரி சாய்த்து, உட்சுவரில் வழிகிற மாதிரி பாதி வரை ஊற்ற வேண்டும். பிறகு டம்ளரை நிமிர்த்தி, பாட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி நட்டநடுவில் விட வேண்டும். அப்போது நுரை எழும். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் அளவு வெண்மையாக நின்றால் சரி. பார்லியிலிருந்து வரும் புரதமும், ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்துதான் ஒவ்வொரு குமிழுக்கும் தோல் கட்டுகின்றன. அந்தக் குமிழ்கள் உடைய உடையத்தான் வாசனை மூக்குக்கு ஏறுகிறது.

சித்திரை வெயிலில் இந்த முறையும் தோற்கும். "கூலிங் இருக்கா?" என்பதுதான் கடை ஜன்னலில் கேட்கிற முதல் கேள்வி. திறந்து திறந்து மூடுகிற ஃப்ரிட்ஜுக்கு அது முடிகிற காரியமில்லை. திரவம் சூடானால் வாயுவைப் பிடித்து வைக்கும் சக்தி குறையும். 0 டிகிரியில் தங்குகிற வாயுவில் ஏறத்தாழ பாதிதான் 20 டிகிரியில் தங்கும். இந்த லட்சணத்தில் பாட்டிலை டிவிஎஸ் எக்ஸெல்லின் பக்கப் பையில் போட்டு, ஆறு வேகத்தடை ஏறி இறங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, வந்த கையோடு மூடியைப் பல்லால் கடித்தால் சட்டைதான் குடிக்கும். பனிக்கட்டி மிதக்கும் வாளியில் கால் மணி நேரம் நிற்க வையுங்கள்.

ஆனால் நுரைக்கு உண்மையான எமன் எண்ணெய். பார்களில் ஆம்லெட் தட்டு கழுவிய அதே வாளியில்தான் கிளாஸையும் முக்கி எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் பட்டாலே குமிழின் தோல் கிழியும். நனைத்த கிளாஸில் தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் அது சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய். பீர் ஊற்றிய பிறகு உட்சுவரில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்களும் அழுக்கு இருக்கும் இடத்தைத்தான் காட்டுகின்றன. பக்கத்து அரியலூரில் இன்னொரு தொல்லை உண்டு. சுண்ணாம்புக்கல் பூமி, கடல் இருந்த இடம். தண்ணீர் அவ்வளவு உப்பு. கழுவிக் காயவைத்த கிளாஸில் வெள்ளைப் படலம் பூத்திருக்கும். குமிழ் தொற்ற அது தோதான இடம். (அங்குள்ள கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நிலவியல் மாணவர்கள் ஆசிட் சொட்டு விட்டுப் பார்க்கும்போது பொங்குவதும் இதே வாயுதான்.)

பீரில் பார்லியோடு மக்காச்சோளமும் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். பெரம்பலூர் மாவட்டம் முழுக்க மக்காச்சோளக் காடு. ஆனால் எங்கள் சோளத்தின் பெரும்பங்கு கோழித் தீவனமாக நாமக்கல் பக்கம் போகிறது. கோழி சில்லி சிக்கனாகத் திரும்பி வருகிறது. அதைத் தின்ற விரலாலும் உதட்டாலும் நுரையைக் கொல்கிறோம்.

மியூனிக்கில் ஆர்ந்த் லைக்கே என்றொரு இயற்பியல் பேராசிரியர், மூன்று வகை பீரை ஊற்றி, நேரம் குறித்து, நுரையின் உயரம் இறங்குவதை அளந்தார். கதிரியக்கப் பொருள் தேய்கிற அதே கணக்கில் நுரையும் தேய்கிறது என்று காட்டினார். 2002-ல் அவருக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு அது. எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது கணக்குக்காக அல்ல, நுரை அடங்கும்வரை ஒரு மனிதரை யாரும் விரட்டாமல் உட்கார விட்டார்களே என்பதற்காக.

இங்கே அது நடக்காது. 1937-ல் சேலத்தில் தொடங்கி 1971 வரை மதுவிலக்கில் இருந்த மாநிலம் இது. ஒளிந்து குடித்த பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக்கிடம்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலையோரக் கடைகள் இழுத்து மூடப்பட்டன. திருச்சி–சென்னை சாலையில் இருக்கிற ஊருக்கு அது சின்ன மாற்றமில்லை. கடைகள் ஊருக்குள்ளும் வயலோரத்திலும் நகரப் பார்த்தபோது பெண்கள் மறித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. குடிக்கிறவன் அவசரமும் கூச்சமுமாக நின்றபடி ஊற்றிக்கொள்கிறான். 2019 ஜனவரியில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கப் இன்னும் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. அதைச் சாய்த்துப் பிடித்தால் நசுங்கும்.

இப்போது பாட்டிலுக்கும் அவசரம். உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் தொடங்கிய காலி பாட்டில் திட்டம் அடுத்து வந்த மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். நல்ல திட்டம்தான், வரப்பில் கால் கிழிபடுவது குறையும். ஆனால் பார் பையன் அந்தப் பத்து ரூபாய் மேல் கண் வைத்துக்கொண்டு மேஜைப் பக்கத்திலேயே நிற்கிறான்.

ஒருநாள் கிளாஸை நிமிர்த்தி நடுவில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நுரை எழுந்தது. பையன் பதறிவிட்டான்.

"என்னண்ணே, எல்லாம் நுரையாப் போவுது! கொடுங்க, நான் ஊத்தித் தரேன்."

"இரு தம்பி, அடங்கட்டும்."

"அடங்கட்டும்ண்ணே. பாட்டில எடுத்துக்கட்டுமா?"

"இன்னும் பாதி இருக்குப்பா."

கிளாஸையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த மேஜைக்குப் போய், அங்கே இருந்தவர் டம்ளரை வாங்கிப் படுக்க வைத்து, பொட்டு நுரை இல்லாமல் ஊற்றிக் கொடுத்தான். அவர் சந்தோஷமாக ஐந்து ரூபாய் கொடுத்தார்.