குன்றத்தூர் அமைச்சர்

ஒரகடம் யான் பிறந்து வளர்ந்த ஊர். என் இளமையில் வயலும் ஏரியுமாய் விளங்கிய இவ்வூரைச் சுற்றி இன்று ஊர்தித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இங்கிருந்து வடகிழக்கே உள்ளது குன்றத்தூர். சேக்கிழார் பெருமான் தோன்றிய பதி அது. ஓய்வு பெற்றபின் ஆண்டுதோறும் அங்குச் சென்று வருகின்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகட்கு முன், யான் தமிழாசிரியனாய் இருந்த பள்ளியில் ஆண்டுவிழா நடைபெற இருந்தது. செய்யுள் ஒப்புவிப்பதில் முதல்வனாய் விளங்கியவன் ஒரு குயவர் மகன். அவன் சட்டை கிழிந்திருந்தமையால், அவனை மேடையேற்ற வேண்டா என்று மேலதிகாரி ஒருவர் கூறிவிட்டார். அது முறையன்று என்று என் நெஞ்சு கூறிற்று, நா கூறவில்லை. சிறுவன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சென்றான்.

மறுநாள் யான் நடத்த வேண்டியிருந்த பாடம் சேக்கிழார் வரலாறு.

அவர்தம் இயற்பெயர் அருண்மொழித்தேவர்; சேக்கிழார் என்பது குடிப்பெயர். அவருடைய அறிவுத்திறம் கண்ட சோழமன்னன், அவரை அமைச்சராக்கி, 'உத்தமசோழப் பல்லவர்' என்னும் பட்டமும் அளித்தான். அம்மன்னன் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் கொண்ட அன்பினால், குன்றத்தூரிலும் அப்பெயரால் ஒரு கோயில் எடுத்தார் சேக்கிழார்.

மன்னன் சீவகசிந்தாமணியின் சுவையில் தோய்ந்திருந்தான். அமைச்சரோ, சிவனடியார் வரலாறுகளே கேட்கத்தக்கவை என்று அவனிடமே அஞ்சாது எடுத்துரைத்தார். மன்னன் வேண்ட, தில்லை சென்று பெரியபுராணம் பாடினார். அரங்கேற்றம் முடிந்ததும், மன்னன் அவரை நூலுடன் யானைமீது ஏற்றி, தானே கவரி வீசினான். இவற்றை உமாபதி சிவாசாரியார் இயற்றிய சேக்கிழார் புராணம் கூறும்.

பெரியபுராணத்தில் அரசரும் உளர். அவர்களுக்கு ஒப்பாகவே காஞ்சி வண்ணார் திருக்குறிப்புத் தொண்டரும், நாகை மீனவர் அதிபத்தரும், வேடர் கண்ணப்பரும் போற்றப்படுகின்றனர். தில்லைக் குயவர் திருநீலகண்டரின் வரலாறோ தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றது.

திருநீலகண்டரின் பெயரைச் சொல்லும்பொழுது என் குரல் தடுமாறிற்று. பாடத்தை நிறுத்தினேன். வகுப்பினர் அனைவரும் கேட்க, "தம்பி, நேற்று உனக்காக யான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அது என் பிழை" என்றேன். அவன் எழுந்து நின்று, "இருக்கட்டும் ஐயா" என்றான். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது. பிழையை ஒப்புக்கொண்டேன், ஆயினும், அவன் இழந்த மேடையை மீட்டுத் தர என்னால் இயலவில்லையே!

மாணவர்களே! சேக்கிழாரின் அமைச்சுப் பதவி அவர் காலத்தோடு கழிந்தது. அரசன் முன்னும் தாம் நன்றெனக் கண்டதைச் சொன்ன உறுதியால் விளைந்த நூலோ தொள்ளாயிரம் ஆண்டுகளை நெருங்கி நிற்கின்றது. நாளை நீவிரும் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பணிபுரிவீர்கள். எளியவர் ஒருவருக்காகப் பேச வேண்டிய வேளை உங்களுக்கும் வரும். அவ்வேளையில் வாளா இருந்துவிடாதீர்கள்.