அக்காளின் காது

உங்கள் வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறதல்லவா? நாளைக் காலையில் ஒரு பாத்திரத்தில் ஜில்லென்ற தண்ணீரை ஊற்றி அதன்மேல் வைத்துவிட்டு, பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஈரம் பூத்திருக்கும். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டாம். அது நெருப்பிலிருந்து வந்த தண்ணீர்! நம்பிக்கை வரவில்லையா? ஊட்டிக்குப் போய் வரும்வரை எனக்கும் வரவில்லை.

ஊட்டியில் என் அக்காள் இருக்கிறாள். அத்தானுக்கு ஒரு பழைய லாரி உண்டு. தோட்டத்துக் காரட்டை ஏற்றிவந்து கழுவும் இடத்தில் இறக்குவதும், வாரத்தில் இரண்டு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவதும் அதன் உத்தியோகம். சென்ற மார்கழியில் நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வீடே அதிர்ந்தது. பூகம்பம் என்று எண்ணி என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். அங்கே அத்தான் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பெருமிதத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

சைலன்சரை எடுத்துவிட்டு நேர்குழாய் போட்டால் மலையேற்றத்தில் இழுவை கூடும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்களாம். இவரும் தலையாட்டிவிட்டார். இழுவை கூடியதோ என்னவோ, அக்கம்பக்கத்தாரின் கோபம் கூடியது நிச்சயம். சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் எந்த மோட்டார் வண்டிக்கும் இருந்தாக வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அத்தானிடம் விதியைப் பற்றிப் பேசுவதைவிட லாரியிடமே பேசலாம்.

அவருடைய கவலை வேறு. குழாயின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிட்டது, மாப்பிள்ளை! ஆயிரக்கணக்கில் செலவு!" என்று முகம் வாடினார்.

வயதான மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவே இல்லை. டீசலில் ஹைட்ரஜன் இருக்கிறது. எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! குழாய் சூடாக இருந்தால் ஆவியாகப் பறந்துவிடும். குளிர்ந்திருந்தால் உள்ளேயே படிந்து சொட்டும். நம் பாத்திரத்தின் கதைதான்.

அத்தானுக்கு உயிர் வந்தது. ஆனால் அக்காளுக்குச் சமாதானமாகவில்லை.

"சத்தம் மாறியிருக்கிறது" என்றாள்.

"இந்த இடி முழக்கத்தில் என்ன மாறினால் என்ன?" என்றார் அத்தான்.

"முந்தாநாள்வரை வெறும் இடி. இப்போது அதோடு யாரோ உச்சுக்கொட்டுகிற மாதிரி கேட்கிறது. குக்கரில் காஸ்கெட் தேய்ந்தால் எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் மறுபேச்சில்லாமல் லாரிக்கு அடியில் புகுந்தார். பட்டறைக்காரர்கள் குழாயைக் கேபினுக்குக் கீழே தொட்டில்போல் வளைத்திருந்தார்கள். தோட்டத்துக்கும் கழுவும் இடத்துக்குமாக இரண்டு மைல், மூன்று மைல் ஓட்டத்தில் குழாய் நன்றாகச் சூடேறுவதே இல்லை. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கிவிட்டது. அது சுத்தமான தண்ணீரும் அல்ல. புகையிலுள்ள வாயுக்கள் கரைந்து புளித்த தண்ணீர். மலிவான இரும்பை உள்ளிருந்தே அரித்து, இணைப்பருகே ஓட்டை போட்டுவிட்டது. சைலன்சர் இருந்திருந்தால் அந்த உச்சுக்கொட்டல் அத்தான் காதிலேயே விழுந்திருக்கும்.

அப்போதுதான் கிளீனர் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ராத்திரி மண்டியிலே குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டுக் கேபினுக்குள்ளே படுப்பேனுங்க. ரெண்டு வாரமா எந்திரிச்சா மண்டையைப் பொளக்குது. பனின்னு நெனச்சேன்."

அத்தான் லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்றொரு வாயு உண்டு. நிறமில்லை, மணமில்லை. தலைவலியில் தொடங்கி, தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். பெட்ரோல் புகையைவிட டீசல் புகையில் அது குறைவு என்பது வாஸ்தவம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? அக்காள் அவனுக்குக் காபி கொடுத்து, "இனிமேல் இன்ஜின் ஓடும்போது படுத்தாயோ, உன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவேன்" என்று மிரட்டினாள். அன்றே ஒரு நல்ல கம்பளியையும் எடுத்துக் கொடுத்தாள். அது அத்தானுடையது.

அன்று மாலையே பழைய மாதிரிச் சைலன்சரும், பள்ளமில்லாத குழாயும் வந்தன. சைலன்சருக்குள் மந்திரம் ஒன்றுமில்லை. சீறிவரும் புகை அகலமான அறையில் விரிந்து, துளையிட்ட குழாய்களுக்குள் புகுந்து, சுவரில் மோதித் திரும்புகிறது; ஒலியலைகள் ஒன்றோடொன்று மோதி ஓய்ந்துவிடுகின்றன. மோதினால் சத்தம் கூடும் என்பதுதான் நம் குடும்பங்களில் கண்ட அனுபவம்! அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் லாரி கிளம்பியபோது என் குழந்தை விழிக்கவில்லை. நான் வாசலுக்குப் போனேன். அத்தான் குனிந்து சைலன்சரின் அடிப்பாகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகளவு துவாரம் ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.

"புதுசிலேயே ஓட்டை, பாருங்கள் மாப்பிள்ளை! வெல்டிங் வைத்து அடைத்துவிடட்டுமா?"

"அது தண்ணீர் வெளியேறுவதற்கென்றே வைத்த ஓட்டை. கையை வைக்காதீர்கள்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்காளுக்குக் காதுதான் கூர்மை என்று நினைத்திருந்தேன்.