தேசிக்காய் தருவது தவணைதான்

"பழம் வெட்ட ஒரு தனி ஆள் எதற்கு? வெட்டி மருந்துத் தண்ணியில் போட்டால் மூன்று நாள் அப்படியே இருக்குமே" என்று கண்டியில் ஒரு ஹோட்டலுக்குப் புதிதாக வந்த மேலாளர் என் முகத்துக்கு நேரே சொன்னார். சம்பளத்தைப் பற்றிப் பேசியிருந்தால் பொறுத்திருப்பேன். காலமெல்லாம் செய்த தொழிலை ஒரு வாளித் தண்ணீருக்குள் அடக்கிவிட்டார். கத்தியைக் கீழே வைத்த பிறகும் இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

அவர் சொன்ன மருந்து சல்பைட் என்ற வெள்ளைத் தூள். உலர்பழத்துக்கும் போத்தல் சாற்றுக்கும் அளவோடு சேர்ப்பது. வெட்டிய பழத்தில் போட்டால் நிறம் மாறாது. பழம் பழசாகிவிட்டது என்பதும் தெரியாது. முட்டு வருத்தக்காரருக்கு மூச்சடைக்கும். பச்சையாகத் தின்னும் பழம், காய்கறிகளில் இதைச் சேர்க்கக் கூடாதென்று அமெரிக்கா 1986இலேயே தடை போட்டது. தூள் வேண்டாம், இயற்கையாகத் தேசிக்காய் பிழிந்தால் போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு.

வெட்டுவாயில் பழத்தின் நொதியும் காற்றும் சேரும்போது கறுக்கிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கும். சாற்றிலுள்ள விற்றமின் சி, கறுப்பு படியுமுன் அதைத் திருப்பிவிடும். ஆனால் அந்தச் சத்து செலவழிந்துகொண்டே போகும். தீர்ந்ததும் கறுப்பு வந்தே தீரும். தேசிக்காய் நமக்குத் தருவது தவணை மட்டுமே. அந்தத் தவணை எவ்வளவு நீளும் என்பது அதற்கு முன்னால் கை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது.

எனக்குக் கை பழக்கியவர் கண்டி மத்திய சந்தையில் பழக்கடை வைத்திருந்த ஒரு நானா. பெரஹரா நாட்களில் அவருடைய அன்னாசிக்கென்றே சனம் வரும். என்னை அவர் வெகுகாலம் பழத்தைத் தொடவிடவில்லை. கத்தி தீட்டத்தான் விட்டார். தீட்டிக் கொடுத்ததை நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். கத்தி நகத்தைப் பிடிக்க வேண்டும். வழுக்கினால், "தம்பி, இன்னும் வரல்ல" என்று திருப்பித் தருவார். மழுங்கிய கத்தி பழத்தை நசுக்கும், நசுங்கினால் சாறு கசியும், அந்தக் கசிவில்தான் எல்லாக் கேடும் தொடங்கும். தோல் சீவ ஒரு பலகை, துண்டு போட வேறொரு பலகை. இடையில் கத்தியைக் கழுவாமல் அடுத்த பலகைக்குப் போனால் அந்தப் பழத்தையே விற்கமாட்டார்.

அன்னாசியின் நடுத்தண்டை எறியவும் விடமாட்டார். இடித்துப் பிழிந்து, துணியில் வடித்து, வாழைப்பழத் துண்டுகளை அந்தச் சாற்றில் நனைப்பார். அன்னாசிச் சாறும் தேனும் கறுப்பைத் தடுக்கும் என்று ஆய்வுகூடங்களும் கண்டு எழுதியிருக்கின்றன. நானா எந்த ஆய்வையும் படித்தவரல்ல.

அவரையும் என்னையும் கடைசிவரை அலைக்கழித்தது ஆனைக்கொய்யா. கண்டியைச் சுற்றி வீட்டுக் கொல்லைகளில் நிற்கிற மரம்தான். ஆனால் பழத்தைப் பிளந்தால் அது பொறுக்காது. தேசிக்காயை ஊற்றினால் நிறம் நிற்கும், ருசி போய்விடும். தண்ணீரில் போட்டால் மேல் சொதசொதக்கும். தேன் தடவினால் நீர் விடும். முடிவில் நாங்கள் பிடித்துக்கொண்ட வழி இது. கொட்டையோடு இருக்கும் பாதியைத் தேவைப்படும்வரை துண்டு போடுவதில்லை. தேசிக்காய்ச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, வெட்டிய முகத்தில் நுனிவிரலால் மட்டும் பூச வேண்டும். வாட்டிய வாழையிலையை அதன்மேல் காற்றுக் குமிழ் நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்ட வேண்டும். குமிழ் நின்ற இடத்தில் காசளவு கறுப்பு விழுந்திருக்கும். அந்தக் காசளவைப் பார்த்தே, ஒட்டியது யார் கை என்று நானா சொல்லிவிடுவார்.

இவ்வளவும் கறுக்கிற பழத்துக்கு. பப்பாசியும் வத்தகப்பழமும் கறுப்பதில்லை. அதனால் அவற்றுக்கு ஒரு கவனமும் வேண்டாமென்று இன்றைய பொடியன்மார் நினைக்கிறார்கள். புளிப்புக் குறைந்த இந்தப் பழங்களில்தான் கிருமி வேகமாகப் பெருகும். 2011இல் அமெரிக்காவில் கொலராடோப் பண்ணை ஒன்றின் முலாம்பழத்தால் லிஸ்டீரியாக் கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். தோலில் ஒட்டியிருக்கும் கிருமியைச் சதைக்குள் கொண்டுபோவது கத்தி. வெட்டுமுன் தோலைத் தேய்த்துக் கழுவாதவர் பிறகு எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும் பயனில்லை. கண்டி குளிரான ஊர் என்ற நினைப்பு வேறு. 500 மீற்றர் உயரம் பழத்தைக் காக்காது. மத்தியானத்தில் இங்கும் 28 பாகை வெயில் அடிக்கிறது. வெட்டிய பழம் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும்.

கறுவா எண்ணெய், கற்றாழைக் கூழ் என்று இப்போது பலதும் சொல்கிறார்கள். கறுவா எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்பது மெய். ஒரு துளி கூடினாலும் பழத்தின் வாசனையை மூடிவிடும் என்பதும் மெய். கற்றாழைப் பூச்சு நீர் வற்றாமல் காக்கும். தளர்ந்த பப்பாசிக்குத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணி நல்லது, சதையை இறுக்கும். புஹுல் தோசி என்ற பூசணி இனிப்பைச் செய்கிற வீடுகளில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எதுவானாலும் காலையில் வெட்டிய நல்ல பழத்துக்குத்தான் உதவும்.

என் மனக்குறை அங்கேதான். நானா அந்திக்கு மிஞ்சியதை ஜாம் காய்ச்சுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். மறுநாள் தட்டில் அது வராது. இப்போது நேற்றைய துண்டுகளுக்குத் தேசிக்காய் தெளித்து, மினுக்கி, மூடிபோட்ட கிண்ணத்தில் அடைத்து, 'இயற்கை முறை' என்று எழுதி ஒட்டுகிறார்கள். தின்கிறவருக்காகக் கற்ற வித்தையை விற்கிறவரின் நட்டத்தை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்த வெள்ளைத் தூளுக்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடில்லை.

கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. பழம் வெட்டுகிற ஆளை நிறுத்த நினைக்கும் ஹோட்டல்காரர்கள் முதலில் அங்கே போய்க் கேட்டு வரட்டும். வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எத்தனை மணிக்கு வெட்டியது என்று விசாரியுங்கள். நேரம் சொல்ல முடியாத கடையிலும் ஐஸ் இல்லாத தட்டிலும் வெட்டிய பழம் வாங்காதீர்கள்.