துணையின்றிச் சென்ற நாற்பத்தொரு நாட்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். உலக உருண்டையைச் சுழற்றி, மலாக்கா நீரிணையை விரலால் தொட்டுக் காட்டிய அந்நாட்களில், சென்னைக் கடற்கரைக்கு அப்பால் கடல் எவ்வாறிருக்கும் என்பதை நான் கண்டதில்லை. சித்தூரில் வீடு, வடகிழக்கே திருப்பதி, தெற்கே வேலூர், கிழக்கே சென்னை. என் சொந்த உலகப்படம் அவ்வளவே.

ஓய்வு பெற்றபின் இருவருமாகச் சில நாடுகளைப் பார்த்து வருவதென்று நானும் என் மனைவியும் பேசி வைத்திருந்தோம். திருப்பதியிலுள்ள சேவை மையத்திற்குச் சென்று கடவுச்சீட்டும் எடுத்தாயிற்று. 2016ஆம் ஆண்டு ஐப்பசியில் அவள் மறைந்தாள். ஓராண்டு கழிந்தபின், இரண்டு கடவுச்சீட்டுகளும் ஒரே உறையில் கிடப்பதைக் கண்ட ஒருநாள், தனியாகவேனும் சென்று வருவதென்று முடிவு செய்தேன். மகன் மறுத்துப் பேசவில்லை. "ஏதாவது சுற்றுலாக் குழுவோடு போங்கப்பா" என்று மட்டும் சொன்னான். என் தங்கைதான், "அறுபத்தாறு வயசுல ஒத்தையாக் கப்பலேறிப் போறேன்னா ஊர் என்ன சொல்லும் அண்ணா?" என்று அழுதாள். நான் செல்வது விமானத்தில் என்று அவளுக்கு நினைவூட்டினேன். அது அவளுக்கு எவ்வகையிலும் ஆறுதலாகவில்லை.

தனிப்பயணம் என்பது நம் குடும்பங்களில் பழக்கமில்லாத ஒன்று. பிழைப்புக்காகத் தனியே சென்றவர்கள் உண்டு. துறவியாகச் சென்றவர்களும் உண்டு. பார்ப்பதற்காக மட்டும் ஒருவர் தனியே புறப்படுவதென்றால், வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்றே அண்டை அயலார் எண்ணுவர். சென்னையில் உச்ச நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் காசி யாத்திரை புறப்பட்டபோது, நூறு பேரளவில் பரிவாரம் உடன் சென்றது. திருப்பதி வழியாகச் சென்று, மறு ஆண்டு செப்டம்பரில்தான் அவர் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய யாத்திரை நூலை எங்கள் ஊர் நூலகத்தில் படித்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் நாள்தோறும் சோறு வடித்துப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் எவ்வாறு ஊர் பார்த்தார் என்பதே எனக்கு வியப்பு.

அதற்கு நேர்மாறானவர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911இல் பிறந்து, இரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தி, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தை நோக்கிச் சென்ற 'சமாரியா' என்ற கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கப்பலில் உடன் பேசிக் களிக்க நண்பர் நால்வர் இருந்திருந்தால் அந்த எண்ணம் தோன்றியிருக்குமா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஏறக்குறைய ஒரு இலட்சம் மைல் சுற்றி, பல நாடுகளில் சிதறிக் கிடந்த ஐம்பதாயிரம் அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940இல் அப்படத்தை வெளியிட்டார். அவருடைய பயண நூல்களில் 'நான்' என்ற சொல் மிகக் கூச்சத்தோடு நடமாடும். இக்கட்டுரையில் எனக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை, பொறுத்தருள்க.

2018ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் புறப்பட்டேன். மார்கழி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் பாவைப் பாட்டு ஒலிக்கவில்லை. அதற்குக் காரணம் நான். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஒரு வாரம் தங்கினேன். தென்பாலச் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. இராபிள்சுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அதன் தோற்றத்திற்குக் காரணமானவர். சிராங்கூன் சாலைப் பகுதியில் பொங்கலுக்காக விளக்கலங்காரம் செய்து, மாடுகளையும் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அடுக்குமாடிகளில் வாழும் சீனக் குழந்தைகளும் தமிழ்க் குழந்தைகளும் வரிசையில் நின்று, ஒரு பசுவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சென்றனர். எனக்கு மாடு புதிதன்று. ஆனால், தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அயல்நாட்டில், அரசாங்க அறிவிப்புப் பலகையைத் தமிழில் படித்தது புதிது. சித்தூரில் நம் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பதில்லை.

நம்மில் சிலர் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்கள். என் தந்தையார் அவ்வாறு வந்தவர். வேறு சிலரோ எங்கும் வரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. நாம் இங்கே இருந்துவிட்டோம். இதில் எனக்கு யார்மீதும் மனக்குறை இல்லை. என் சம்பளம் தெலுங்கில் வந்தது. என் நண்பர்களில் பாதிப்பேர் தெலுங்கர். ஆயினும், சிங்கப்பூரில் அந்தப் பலகையின் கீழ் நின்றபோது, ஏனோ சற்று நேரம் நகர மனம் வரவில்லை.

கோலாலம்பூரும் பினாங்கும் விரைவில் கடந்தன. பத்துமலையின் 272 படிகளையும் ஏறினேன். திருமலைப் படிகளைக் காலால் அறிந்தவனுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. தனியே செல்பவனுடைய துன்பம் படியில் இல்லை. உணவு மேசையில் இருக்கிறது. நால்வர் அமரும் மேசையில் ஒருவன் அமர்ந்தால், பரிமாறுபவர் மற்ற மூன்று தட்டுகளையும் எடுத்துச் செல்கிறார். அந்தத் தட்டுகள் எழுப்பும் ஓசைக்கு நான் கடைசி நாள் வரை பழகவில்லை. கண்டதைச் சொல்ல ஆளில்லை என்பது அதற்கு அடுத்தது. அழகான ஒன்றைக் கண்டவுடன் வலப்பக்கம் திரும்பும் வழக்கம் எனக்கு முப்பத்தேழு ஆண்டுகளாக இருந்தது. அது எளிதில் போகுமா?

எல்லை கடந்து தாய்லாந்தின் தென்பகுதிக்குச் சென்றேன். நாகோன் சி தம்மராத் என்னும் ஊரின் அருங்காட்சியகத்தில், தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைக் காண்பதே நோக்கம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. அவனிநாரணம் என்ற பெயரால் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் முதலியோரின் காவலில் விடப்பட்டதையும் கூறுவது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த பல்லவ குலத்து அரசி சாமவை திருமலையில் வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்தளித்த கொடையும் தமிழிலேயே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழே என்பதை நம் சங்கத்தார் நன்கறிவர். வீட்டருகே அவ்வளவு கல் இருக்க, உடைந்த ஒரு பலகைக் கல்லுக்காகக் கடல் தாண்டுவதா என்று கேட்டால், விடை சொல்லத் தெரியாது. வணிகர் கூட்டமாகச் சென்றனர். அந்த எழுத்தைப் பொறித்தவன் கையோ ஒற்றைக் கைதான் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு காய்ச்சல் கண்டது. தங்கியிருந்த விடுதியறையில் இரண்டு நாட்கள் எழ முடியவில்லை. மூன்றாம் சாமத்தில் விழித்தபோது, எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்பதே புலப்படவில்லை. இங்கே உயிர் பிரிந்தால் என்ன மொழியில் எழுதி வைப்பார்கள் என்று தோன்றியது. சட்டைப்பையில் மகனுடைய தொலைபேசி எண்ணைத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைத்தேன். எண்களுக்கு மொழி வேண்டியதில்லை என்பது காய்ச்சல் தணிந்த பிறகே நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் விடுதிக்கார அம்மாள் கதவைத் தட்டி, இஞ்சி போட்ட அரிசிக்கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அவர்கள் அதனைச் 'சோக்' என்பர், நம் நொய்க்கஞ்சியேதான். நான் மரக்கறி உணவினன் என்பதை முதல் நாளே சைகையால் சொல்லியிருந்தேன், அவர் மறக்கவில்லை. ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் அவர் இரண்டு நாட்கள் எனக்குக் கஞ்சி வார்த்தார். பணம் கொடுத்தேன், அறை வாடகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார்.

பாங்காக்கிற்கு இரவு இரயிலில் சென்று சேர்ந்தேன். சுதாத் என்னும் பௌத்தக் கோயிலின் முன்னே செந்நிறத்தில் இரண்டு நெடிய தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அதுவே பேரூசல். முதல் இராமன் காலத்தில், 1784இல் முதலில் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ளது 2007இல் புதுப்பித்தது. உயரம் எழுபதடிக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுதோறும் சிவபெருமான் மண்ணுலகிற்கு எழுந்தருளுவதாகக் கொண்டு, அதனை வரவேற்கும் விழாவில் இளைஞர் இவ்வூசலில் ஏறி ஆடி, எதிரே கட்டிய பொற்கிழியைப் பல்லால் கவ்வுவர். உயிரிழப்புகள் நேர்ந்தன, 1935இல் ஊசலாட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் விழா நிற்கவில்லை. அருகிலுள்ள தேவத்தானம் என்னும் கோயிலில், அரச குடும்பத்துப் பிராமணர்கள் இன்றும் அதனை நடத்துகிறார்கள். விழாவின் பெயர் 'திரியம்பவாய் திரிபவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. காஞ்சிப் பெரியவர் இச்செய்தியைத் தம் உரைகளில் எடுத்துச் சொல்லி வந்தார். என் மனைவி அதை எங்கோ படித்து, "அங்கே போய் ஒருநாள் கேட்கணும்" என்பாள். நான் பாங்காக் சென்றது அவளுடைய அந்த ஒரு சொல்லுக்காக.

மாலையில் கோயிலுக்குள் சென்று கடைசியில் அமர்ந்தேன். வெண்ணிற உடையணிந்து கொண்டை முடித்த பிராமணர்கள் ஓதத் தொடங்கினர். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. தாய்மொழியின் ஏற்ற இறக்கங்களில் உருண்டு உருண்டு, சொற்கள் கூழாங்கற்களாகிவிட்டிருந்தன. ஒருமுறை ஒரு சொல் தெளிந்தது போலிருந்தது; பிடிப்பதற்குள் நழுவிற்று. அருகிலிருந்த இளைஞர் ஒருவரிடம் ஆங்கிலத்தில், ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது. ஆனால் ஓரெழுத்தும் விடமாட்டார்கள்" என்றார் அவர்.

முதலில் எனக்கு எழுந்தது ஆசிரியனின் எரிச்சல். எழுந்து சென்று திருத்த வேண்டும் என்று கை துடித்தது. அடுத்த கணம் என் பேத்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

திருப்பதியில் படிக்கும் அவளுக்குத் தெலுங்கும் ஆங்கிலமுமே எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. தெலுங்கு வீடுகளிலும் அது தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட நூலைக்கொண்டு பாடப்படுகிறது. பாட்டியிடம் கேட்டு, அவள் முப்பது பாட்டையும் தெலுங்கு எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாட்டி இறந்தபின் வந்த முதல் மார்கழியில் அவள் அதை வைத்துக்கொண்டு பாட, நான் உச்சரிப்புப் பிழை ஒன்றைக் கேட்டு, "தமிழ் எழுதத் தெரியாதவள் ஏன் தமிழ் பாட வேண்டும்?" என்று கடிந்தேன். அது துயரத்தில் வந்த சொல் என்பது உண்மைதான். பதினோரு வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? நோட்டை மூடினாள். அடுத்த மார்கழியிலும் திறக்கவில்லை.

தேவத்தானத்தில் ஓதல் முடிய வெகு நேரமாயிற்று. எத்தனையோ தலைமுறைக்கு முன் கடல் கடந்து வந்த யாரோ ஒரு தாத்தா, அங்கே தம் பேரனைப் பாட விட்டிருக்கிறார். எழுத்தும் பொருளும் போகட்டும் என்று விட்டாரா, போகாது என்று நம்பினாரா? அந்தப் பாட்டில் பொருள் இல்லாதது எனக்கு இப்போதும் வருத்தமே. பொருளின்றி ஒலியை மட்டும் காப்பது போதும் என்று நான் ஒப்பவில்லை. ஆனால் என் வீட்டில் அந்த ஒலியும் இல்லாமற் செய்தவன் நான்.

அதன்பின் கம்போடியாவுக்கும் சென்றேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த அங்கோர்வாட்டையும், அங்குள்ள பாற்கடல் கடையும் நெடுஞ்சிற்பத்தையும் கண்டேன். அதைப் பற்றி எழுதியோர் பலர். என் மனம் அங்கு முழுமையாக இல்லை. பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் இறங்கி, பேருந்தேறிச் சித்தூர் சேர்ந்தேன். தங்கை வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். "இளைச்சுப் போயிட்டியே அண்ணா" என்றாள். மூன்று கிலோ கூடியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குச் சென்று, பேத்தியிடம் அந்த நோட்டைக் கேட்டேன். எடுத்து வரச் சிறிது தயங்கினாள். "திட்டமாட்டேன்" என்றேன். "தாத்தா, அங்கே நிஜமாவே பாடறாங்களா?" என்று கேட்டாள். பாடுகிறார்கள் என்றும், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

இருவரும் அமர்ந்து முதற்பாட்டிலிருந்து திருத்தத் தொடங்கினோம். இன்றைய தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. அவள் அவ்விடங்களிலெல்லாம் ளகரம் போட்டிருந்தாள். அவற்றை அடித்துவிட்டு, அந்த ஓரெழுத்தை மட்டும் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அதன் வால் அவளுக்கு எளிதில் வரவில்லை. நான்கைந்து முறை எழுதிப் பார்த்தாள். முப்பது பாட்டும் முடிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இப்போது அந்த நோட்டில் தெலுங்கு எழுத்துகளின் நடுவே, அங்கங்கே ஒரு 'ழ' நின்றுகொண்டிருக்கிறது.