ஒரே வணிகம், இரு மதிப்புகள்

பி.இ. எனப்படும் விலை–ஈட்டு விகிதத்தைக் கண்டவுடன் மாணவர் பலர் எழுப்பும் வினா ஒன்றே: இந்த எண் அதிகமா, குறைவா? ஒரு தேதியின் எண்ணை மட்டும் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. அது ஒரு பின்னம். மேலே சந்தையின் எதிர்பார்ப்பு. கீழே கணக்கேடு காட்டும் லாபம். இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 2017 மார்ச்சில் அதன் பங்கு 299 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. அந்நிதியாண்டின் லாபம் சுமார் 480 கோடி. அக்கணக்கில் விகிதம் ஏறத்தாழ 39. பட்டியலிட்ட முதல் நாளே விலை 640 ரூபாயைத் தொட, விகிதம் 83 ஆயிற்று. அந்த ஒரு நாளில் லாபம் மாறவில்லை. நம்பிக்கை மட்டுமே மாறியது.

பெருந்தொற்று ஆண்டான 2020–21இல் லாபம் 1,301 கோடியிலிருந்து 1,099 கோடியாகச் சுருங்கியது. விலையோ ஏறிக்கொண்டே சென்று 2021 அக்டோபரில் 5,900 ரூபாயை நெருங்கியது. முந்தைய நிதியாண்டின் லாபத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 340ஐத் தாண்டியிருந்தது. தொகுதி பெருக, பகுதி சிறுத்ததன் விளைவு அது.

மும்பையில் முப்பதாண்டுகள் மளிகைக் கடை நடத்திய என் தந்தை, அண்மையில் அதைக் கைமாற்றினார். மூன்றாண்டு லாபமும் இருப்புச் சரக்கின் விலையும் கிடைத்தன. அப்பணத்தை இந்நிறுவனத்தின் பங்கில் இடலாமா என்று கேட்டவர், விகிதத்தை நான் விளக்கியதும், "அதே அரிசி, அதே பருப்பு. எனக்கு மூன்று மடங்கு, அவர்களுக்கு நூறு மடங்கா?" என்றார்.

நியாயமான வினா. தந்தையின் கடை ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிந்தது. அவர் விலகினால் வாடிக்கையாளரும் விலகக்கூடும். அந்நிறுவனமோ ஈட்டியதைப் புதிய கடைகளில் இட்டு, 2017 மார்ச்சில் 131 ஆக இருந்த கடைகளை 2025 மார்ச்சில் 415 ஆக்கியது. மடங்கின் வேறுபாடு பண்டத்தில் இல்லை, வளர்ச்சியில் உள்ளது.

ஆனால் அவ்வளர்ச்சிக்குரிய விலையை முன்கூட்டியே செலுத்தியவர் பெற்றது என்ன? 2024–25இல் லாபம் 2,707 கோடி. 2020–21ஐப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்நிதியாண்டின் இறுதியில் பங்கின் விலையோ சுமார் 4,000 ரூபாய். நிறுவனம் வளர்ந்தது, உச்சத்தில் வாங்கியவர் முதலில் மூன்றிலொரு பங்கு கரைந்தது. விகிதம் நூற்றுக்கு அருகில் இறங்கியது.

தந்தைக்கு நான் எழுதிக் காட்டியது ஒரு கணக்கு. நூறாக உள்ள விகிதம் பத்தாண்டுகளில் நாற்பதாக இறங்குமெனக் கொள்வோம். பங்கின் விலை ஆண்டுக்கு 12 விழுக்காடு உயர வேண்டுமெனில், லாபம் ஆண்டுதோறும் சுமார் 23 விழுக்காடு வளர்ந்தாக வேண்டும். அதைப் படித்துவிட்டு அவர் பெரும்பகுதியை வங்கி வைப்பில் இட்டார். அம்முடிவு சரியா என்பதைக் காலமே கூறும். எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்தே அவர் முடிவெடுத்தார்.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: ஐந்தாண்டுச் சராசரியைவிட விகிதம் குறைந்துள்ளது, ஆகவே பங்கு மலிவு என்று எழுதுமுன், விலை, லாபம், விகிதம் ஆகிய மூன்றையும் ஆண்டுவாரியாக அருகருகே எழுதிப் பாருங்கள். எது நகர்ந்ததால் விகிதம் நகர்ந்தது என்பது அப்போதுதான் புலப்படும்.